வினாயகர் திட்டின் வளர்ச்சி வீதம்

அட, வளர்த்தும் விட்டாரே மனுசன்! சோறு ஊட்டினாரோ, பால் குடுத்தாரோ தெரியாது. ஒரு வருசத்துக்குள்ள என்ட பிள்ளை எப்பிடிக் கொழுத்துப் போய் நிக்குது பாரு!

இதெல்லாம் தக்ஷாயினி மனதுக்குள் சொல்லிக்கொண்டது. வெளியில் அவள் ஆய்வரங்கின் இரண்டாம் வரிசையில், கைப்பையை மடியில் வைத்து, புவியியல் துறையின் சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருத்தி எப்படி உட்கார்ந்திருக்க வேண்டுமோ அப்படி உட்கார்ந்திருந்தாள். மேடையில் துறைத்தலைவர் பேராசிரியர் வினாயகமூர்த்தி திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். திரையில் மட்டக்களப்பு வாவி நீலமாக நீண்டு கிடந்தது. கிழக்கே எழுவான்கரையில் செட்டிபாளையம், மேற்கே படுவான்கரையில் பழுகாமம், இரண்டுக்கும் நடுவே நீலத்துக்குள் பச்சையாக ஒரு தீவு. கஜுக்கொட்டையைப் போல் வளைந்த சின்னத் தீவு.

“இந்தத் திட்டு கடந்த பத்தாண்டில் கால் மடங்கு விரிவடைந்துள்ளது,” என்றார் பேராசிரியர். மேல்நோக்கி ஏறும் சிவப்புக் கோடு ஒன்று திரையில் வந்தது. “கண்டல் தாவரங்களின் அடர்த்தியும் கூடியுள்ளது. உள்ளூர் மக்கள் இதனை வினாயகர் திட்டு என்று அழைக்கிறார்கள்.”

கைதட்டல் எழுந்தது. தக்ஷாயினியும் தட்டினாள். கைகளுக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் சிரித்துவிடுவாள் போலிருந்தது.

ஏனென்றால் அந்த இடத்தில் தீவு எதுவும் இல்லை. நெஞ்சளவு தண்ணீர் இருக்கிறது, தண்ணீருக்குக் கீழே சேறு, சேற்றுக்குள் நண்டு. தீவை வரைந்தவள் அவள்தான். போன வருடம் ஒரு மத்தியானம், கூட வேலைசெய்யும் அகீலா வாங்கி வந்த கடலை வடையைத் தின்றுகொண்டே கணினியில் வரைந்தாள். அதுவும் ஒரு வருடத்துப் படத்தில் மட்டும். பத்தாண்டு வளர்ச்சி முழுக்க முழுக்கப் பேராசிரியரின் சொந்த உழைப்பு.

தக்ஷாயினியின் தொழில் தொலையுணர்வு. வானத்திலிருந்து செய்மதி எடுத்து அனுப்பும் படத்தில் எது தண்ணீர், எது வயல், எது உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் என்று பிரித்தறிவது. செடி கொடிகள் நம் கண்ணுக்கு எட்டாத ஒரு ஒளியில் தகதகக்கும். தண்ணீர் அதே ஒளியை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். இதைப் படத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு, குறித்தது சரிதானா என்று நேரில் போய்ப் பார்ப்பாள். பஸ்ஸில் போவாள், ஓட்டோவில் போவாள், பாதை முடிந்தால் வள்ளத்தில் போவாள். அவளுடைய செருப்புகள் எதுவும் ஒரு மாரி மழையைத் தாண்டி உயிரோடு இருந்ததில்லை.

இப்படிச் சேற்றில் மிதித்து அவள் செய்து முடிக்கும் வரைபடங்களைப் பேராசிரியர் அன்பாகக் கேட்பார். “பிள்ள, அந்த லேயரை ஒருக்கா அனுப்பிவிடுங்க. பாத்திட்டுத் தாறன்.” பார்த்துவிட்டுத் தருவார். அதற்கிடையில் அது அவர் பெயரில் ஒரு கட்டுரையாகியிருக்கும். ஆரம்பத்தில் கடைசி வரியில் ‘கணினி உதவிக்கு’ என்று அவளுக்கு ஒரு நன்றி இருந்தது. பிறகு ஒரு கட்டுரையில் அதுவும் இல்லை. தேநீர் தந்து ஊக்குவித்த மனைவிக்கு நன்றி சொல்லியிருந்தார்.

அந்தத் தேநீர்தான் தக்ஷாயினியைச் சுட்டது. பழைய காலத்து வரைபடக்காரர்கள் களவைப் பிடிக்க, இல்லாத தெரு ஒன்றைத் தங்கள் படத்தில் ஒளித்துவைப்பார்கள் என்று படிக்கிற காலத்தில் கேட்டிருந்தாள். தெரு வரைய வாவியில் வசதியில்லை. தீவு வரைந்தாள். தன்னுடைய மூலப் படத்தில் அதை வைக்கவில்லை, அவருக்கு அனுப்பிய பிரதியில் மட்டும் வைத்தாள். அநியாயம் செய்யக்கூடாதென்று வாயாலும் சொன்னாள்.

“சேர், இது வரைவுதான். பாவிக்க முதல் ஒருக்கா வள்ளத்தில போய்ப் பாருங்க.”

“செய்மதி இருக்கக்குள்ள வள்ளம் என்னத்துக்குப் பிள்ள?” என்றார் அவர். மாணவர்களுக்கும் அவர் அதைத்தான் சொல்வார். தொலையுணர்வு என்றால் தொலைவில் இருந்தே உணர்வது, காலை நனைக்கிறவன் மீன்பிடிக்கிறவன், நனைக்காதவன்தான் புவியியலாளன்.

ஆய்வரங்கு முடிந்து வெளியே வந்ததும் அகீலா அவளைப் படிக்கட்டின் கீழே இழுத்துக்கொண்டு போனாள். காத்தான்குடிப் பெண், துறையின் ஆய்வுகூடப் போதனாசிரியை. தீவு பிறந்தபோது பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி.

“யா அல்லாஹ், அக்கா! அது நீங்க வடை தின்னக்குள்ள வரைஞ்சதுதானே?”

“மெதுவாக் கதை.”

“நான் அப்பவே சொன்னன், மூக்கு மாதிரி இரிக்கெண்டு. அதில இப்ப கண்டல் அடர்த்தியாம்! மறுகா பேரும் வெச்சிட்டார். உள்ளூர் மக்கள் கூப்பிடுறாங்களாம். எந்த ஊர் மக்கள்? அவர்ட வீட்டு மக்களா?”

“எனக்கு அந்தப் பேர்தான் பிடிக்கேல்ல,” என்றாள் தக்ஷாயினி. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. களவெடுத்தது பரவாயில்லை, பொய்யாக வளர்த்ததும் பரவாயில்லை, தன்னைக் கேட்காமல் பெயர் வைத்ததுதான் உறுத்தியது. பெற்றவள் நான் இருக்க இவர் யார் பெயர் வைக்க?

“சரி, எப்ப பிடிக்கப்போறீங்க ஆளை?”

தக்ஷாயினி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அடுத்த மாதம் அவளுக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்முகம். தேர்வுக் குழுவில் வினாயகமூர்த்தி இருந்தார். துறையில் அவருக்குத் தெரியாமல் ஒரு கதிரை கூட அசைந்ததில்லை. பொறியை வைக்கும்போது இந்த நேர்முகம் தூரத்தில் இருந்தது. எலி விழுகிற நேரம் பார்த்து வாசலுக்கு வந்துவிட்டது.

தவிர, இன்னொன்றும் இருந்தது. அதை அகீலாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. எலி பிடிபடுவதைவிட அது பொறிக்குள் உட்கார்ந்து சொற்பொழிவு ஆற்றுவதைப் பார்ப்பது அவளுக்கு இனித்தது. நியாயத்துக்காகச் செய்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். நியாயத்தில் இவ்வளவு சீனி இருக்காது. அவள் அதைத் தனக்குள் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டு மூடிவைத்தாள்.

தீவு அதோடு நிற்கவில்லை. செய்தித்தாளில் வந்தது. செய்தித்தாளைப் பார்த்து, வாவியில் பறவை பார்க்கும் சுற்றுலாத் திட்டம் ஒன்றுக்கு நிதி வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வந்தது. தீவில் பறவை பார்க்கும் குடில் கட்டுவார்கள், கரையில் படகுத்துறை கட்டுவார்கள். படகுத்துறை எந்தக் கரையில் வருகிறதோ அந்த ஊருக்கு வேலை, கடை, வெள்ளைக்காரர் எல்லாம். தீவு எந்த ஊருக்குச் சொந்தம் என்று முடிவுசெய்ய இரண்டு கரை ஆட்களையும் ஒரு பொது மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் தன்னோடு தக்ஷாயினியையும் கூட்டிக்கொண்டு போனார், படங்களைக் கணினியில் திறந்து காட்ட ஆள் வேண்டுமென்று.

இன்றைக்கு முடிந்தது கதை, என்று நினைத்துக்கொண்டுதான் அவள் போனாள். அந்தத் தண்ணீரில் பிறந்து வளர்ந்த ஆட்கள். ஒருவராவது எழும்பி, அங்கே என்ன தீவு, எப்ப வந்த தீவு என்று கேட்காமலா விடுவார்கள்?

முதலில் எழும்பியவன் செட்டிபாளையத்து மீனவர் சங்கச் செயலாளர் உதயரூபன்.

“சேர், அந்தத் திட்டு எங்கட. எங்கட அப்பா அதில வள்ளம் கட்டிப்போட்டு இறால் பிடிச்சவர். அவர் அடிச்ச கட்டை இன்னும் கிடக்கு.”

தக்ஷாயினி தலையை நிமிர்த்தினாள்.

“என்ன மனே கதைக்காய்?” பழுகாமத்து மாதர் சங்கத் தலைவி இலட்சுமிப்பிள்ளை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். “உங்கட அப்பாவுக்கு நீந்தவே தெரியாது. அது எங்கட பக்கத்துத் திட்டு. நான் குமரா இருக்கக்குள்ள அதில போய் விறகு முறிச்சனான். அதில ஒரு கிண்ணை மரம் நிண்ட, பெரிய மரம். நான் அதில ஊஞ்சல் கூட ஆடினனான்.”

“கிண்ணையில ஊஞ்சல் கட்டுவாங்களா மாமி? முறிஞ்சிடாதா?”

“நான் அப்ப மெல்லிசு!”

மண்டபம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவருக்கும் ஞாபகங்கள் வந்தன. ஒருவருடைய எருமை நீந்திப் போய் அதில் கன்று போட்டது. இன்னொருவர் கோபித்துக்கொண்டு போய் அதில் இரண்டு நாள் இருந்தார், மனைவி வந்து கூப்பிடும்வரை. பின்வரிசையில் ஒருவர் அதில் ஒரு வைரவர் இருந்ததாகச் சொன்னார், எந்தக் கரையைப் பார்த்தபடி இருந்தார் என்பதில் உடனே சண்டை வந்தது. பேராசிரியர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். “பாத்தீங்களா பிள்ள, வாய்மொழி வரலாறு!” என்று அவள் காதுக்குள் சொன்னார்.

தக்ஷாயினிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஏதோ ஒன்று சிரிப்பை மெல்ல இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கிண்ணை மரம் அவளுக்குத் தெரிந்தது. கஜுக்கொட்டையின் வளைவில், தண்ணீர் ஒதுங்கும் பக்கமாக நின்றது. அங்கே ஒரு மரம் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும், தனக்கேன் தோன்றவில்லை என்று நினைத்தாள். இத்தனை பேர் அந்தத் தீவில் கால் வைத்திருக்கிறார்கள், எருமை கூடப் போயிருக்கிறது, நான் மட்டும் போகவில்லை. பொய்யென்று தெரிந்தே ஒரு இடத்துக்காக ஏங்கலாம் என்பதை அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்துதான் அவள் கண்டுபிடித்தாள்.

சண்டை முற்றியதும் வெளிநாட்டு நிறுவனத்தின் திட்ட அதிகாரி கையை உயர்த்தினார். “சரி, சனிக்கிழமை எல்லாரும் வள்ளத்தில போவம். திட்டு எந்தக் கரைக்குக் கிட்ட எண்டு நேரில பாத்து முடிவெடுப்பம்.”

உதயரூபன் இலட்சுமிப்பிள்ளையைப் பார்த்தான். இலட்சுமிப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தாள். எருமைக்காரர் சேர்ட்டுப் பொத்தானைச் சரிபார்த்தார். “தாராளமாப் போவம்!” என்று சொன்னவர் பேராசிரியர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தக்ஷாயினியின் அறைக் கதவு திறந்தது. வினாயகமூர்த்தி நின்றார். உடுப்பு நெஞ்சுவரை நனைந்து சேறு காய்ந்திருந்தது. ஒரு கையில் சப்பாத்து, மறு கக்கத்தில் ஒரு பலகை. பலகையில் ‘வினாயகர் திட்டு’ என்று பச்சை எழுத்தில் அழகாக எழுதியிருந்தது.

“இருங்க சேர்,” என்று அவள் மின்விசிறியைக் கூட்டினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவர் பலகையைச் சுவரோடு, எழுத்து உள்ளே பார்க்கும்படி சாத்திவிட்டு உட்கார்ந்தார். “நாளைக்கு எல்லாரும் வாறதுக்கு முதல் இதை நட்டு வெப்பம் எண்டு போனன். உதயரூபன்தான் வள்ளம் விட்டவன். விடிய வெள்ளண வெளிக்கிட்டது. இன்னும் கொஞ்சம் அங்கால சேர், இன்னும் கொஞ்சம் அங்கால சேர் எண்டு வாவி முழுக்கச் சுத்திக் காட்டிப்போட்டான். ஒண்டும் இல்ல பிள்ள. தண்ணி! நான் இறங்கியும் பாத்தன்.”

“இறங்கினீங்களா சேர்?” குரலில் மரியாதையைத் தவிர வேறெதுவும் வராமல் பார்த்துக்கொண்டாள்.

“கடைசியா அவன் சொல்றான், போன மாரி வெள்ளம் கொண்டு போயிருக்கும் எண்டு.” பேராசிரியரின் முகத்தில் மெல்ல வெளிச்சம் ஏறியது. “நான் யோசிச்சன். ஏன் போயிருக்கக் கூடாது? வெள்ளம் வந்தது உண்மை. கரைகள் அரிச்சதும் உண்மை. நீங்க ஒரு சின்ன அறிக்கை தாங்க. வெள்ளத்துக்கு முந்தின படத்தில தீவு இருந்தது, பிந்தின படத்தில இல்லை எண்டு ஒரே ஒரு வரி. கையெழுத்து உங்கட. உங்கட படங்களைக் கேள்வி கேக்க ஒருத்தருக்கும் ஏலாது. களத்துக்குப் போற ஆள் எண்டு எல்லாருக்கும் தெரியும்.”

இத்தனை வருடமாக அவள் காதுகள் காத்திருந்த வாக்கியம் அது. வந்துசேர்ந்த நேரம்தான் சரியில்லை.

“அதோட நிக்காது,” அவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். “கரைஞ்ச தீவைத் திரும்பக் கட்டியெழுப்புற திட்டம் எண்டால் அவங்களுக்கு இன்னும் விருப்பம். இண்டைக்கே கதைச்சிட்டன். மண் கொண்டுவந்து நிரப்பி, கண்டல் நட்டு, அதே இடத்தில, அதே வடிவத்தில! மறுகா ஒரு கட்டுரை. உங்கட பேர் முதல். என்ட பேர் ரெண்டாவது. அடுத்த மாசம் நேர்முகத்தில நான் இருக்கிறன்தானே, நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்.”

அதே இடம். மாரியில் மேற்கிலிருந்து இறங்கும் வெள்ளம் முகத்துவாரத்தை நோக்கி இழுக்கும் பிரதான ஓட்டம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதில் மண்ணைக் கொட்டினால் தண்ணீர் திரும்பிப் படுவான்கரை வயல் வட்டைகளுக்குள் ஏறும். கதிர் வந்த வயல் கிடந்து அழுகும். தக்ஷாயினிக்கு இது மனப்பாடம். அந்த இடத்தில் மரம் நிற்காது, மரத்தை நிறுத்தினால் பழுகாமம் நிற்காது. வடை தின்றுகொண்டே வரைந்த கோடு ஒன்றுக்கு இப்போது லொறி லொறியாக மண் வரப்போகிறது.

ஆனாலும் அவள் தன்னிடம் பொய் சொல்லவில்லை. பேராசிரியர் தக்ஷாயினி. அந்தப் பெயரை அவள் எத்தனையோ முறை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள், குளிக்கும்போது, பஸ்ஸில், ஒருமுறை வள்ளத்தில் யாருமில்லாத இடத்தில் சத்தமாகவும். இப்போதும் அது நாக்கில் நல்ல ருசியாகத்தான் இருந்தது. ஒரு வரி. உண்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வரி. அதற்குள் எல்லோரும் தப்பிவிடலாம், அவர், உதயரூபனின் அப்பா, ஊஞ்சல் ஆடிய இலட்சுமிப்பிள்ளை. நானும்.

“உங்கட படத்தில ஏதோ பிழை விழுந்திருக்கு,” என்றார் அவர் பெருந்தன்மையாக. “சல்பீனியாச் செடி மிதந்திருக்கும், மிஷின் அதைக் கண்டல் எண்டு எடுத்திருக்கும். அதுக்கு நான் உங்களைக் குறை சொல்லேல்ல.”

“பிழை இல்ல சேர்,” என்றாள் தக்ஷாயினி. “அதை நான் கையால வரைஞ்சன்.”

அவர் இன்னும் கையில் பிடித்திருந்த சப்பாத்தைத் தரையில் வைத்தார்.

“என்னத்துக்கு?”

“நீங்க வள்ளத்தில போவீங்களோ எண்டு பாக்க.”

அவருக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். கோபம் வந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் கோபப்படவேண்டுமென்றால் எதற்காக என்று சொல்லவேண்டும், அதைச் சொல்வதற்கு முதல் அந்தப் படம் யாருடையது என்று சொல்லவேண்டும். அவர் அந்த வழியால் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்துத் திரும்பி வருவது முகத்தில் தெரிந்தது. பாதி வழியில், ஒரு கணம், அவர் சிரிக்கப்போகிறார் என்று கூட அவளுக்குத் தோன்றியது. சிரித்திருந்தால் அவரை அவளுக்குப் பிடித்திருக்கும்.

“சரி,” என்றார் கடைசியில். குரல் தாழ்ந்திருந்தது. “அப்ப இது ரெண்டு பேருக்கும் நல்லதில்ல. அதுக்குத்தான் சொல்றன். வெள்ளத்தில போனதாவே இருக்கட்டும். நேர்முகம் முடியுமட்டும் எண்டாலும்.”

“நாளைக்கு வள்ளத்தில நானும் வாறன் சேர். அந்த இடத்தில தண்ணிதான், எப்பவும் தண்ணிதான் எண்டு நானே சொல்லுவன். வரைஞ்சது நான் எண்டும் சொல்லுவன்.”

“உங்களுக்கு விசரா பிள்ள? நேர்முகத்துக்கு என்ன முகத்தோட வருவீங்க?”

“இதே முகத்தோடதான். நீங்க கேக்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுவன்.”

அவர் அந்தப் பதிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கத்திலும் பிடி கிடைக்கவில்லை. மேசையில் இருந்த வெள்ளைத் தாளை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். சட்டைப் பையிலிருந்து தன்னுடைய நல்ல பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் கைக்கு எட்டும்படி தாளின் மேல் வைத்தார். இவ்வளவு பணிவாக அவர் எதையும் செய்து அவள் பார்த்ததில்லை.

“ஒரு வரிதானே, பிள்ள.”

“ஓம் சேர்,” என்றாள் தக்ஷாயினி. “ஒரு வரிதான்.”

பேனாவை எடுத்து மூடியைப் போட்டு அவரிடமே நீட்டினாள். அவர் வாங்காததால், வாங்கும்வரை நீட்டியபடியே இருந்தாள்.